தள்ளிப்போன பரீட்சையும் ஏழு கிணறுகளும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் நிகழ்த்திய உரை. மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டபடி எழுதிக் கொடுத்தது. பேசியபடியே பல இடங்களை விட்டிருக்கிறேன்.)



சங்கச் செயலாளர் போன் செய்து, "ஒரு பதினைந்து நிமிஷம் பேசணும், காலேஜ் நாள் ஞாபகம் ஏதாவது" என்றார். செமஸ்டர் முடிந்து ஊருக்குப் போகிற நாளைப் பற்றிப் பேசுகிறேன் என்று ஒத்துக்கொண்டேன். அது லேசான விஷயம் என்று நினைத்துத்தான் ஒத்துக்கொண்டேன். எழுத உட்கார்ந்த பிறகுதான் அது அவ்வளவு லேசு இல்லை என்று தெரிந்தது.

முதலில் லேசான பகுதி. நவம்பர் கடைசியில் நம் ஹாஸ்டல் எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஜெராக்ஸ் கடையில் வரிசை. டூ மார்க் கேள்வி நோட்டு ஒன்றே ஒன்று இருக்கும், அதுவும் எப்போதும் பெண்கள் ஹாஸ்டலில்தான் இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு டீக்கடையில் பன் பட்டர். மெஸ் பாக்கி கட்டாதவனுக்கு ஹால் டிக்கெட் கிடையாது என்று நோட்டீஸ் போர்டில் ஒரு பேப்பர். அதன் கீழே பேனாவில் ஒரு பதில். அதை இங்கே சொல்ல முடியாது, முதல்வர் உட்கார்ந்திருக்கிறார். கடைசிப் பரீட்சை முடிந்த அன்று சாயங்காலம் பெட்டி, பக்கெட், படுக்கைச் சுருளோடு காட்பாடிக்கும் புது பஸ் ஸ்டாண்டுக்கும் ஒரு பட்டாளமே கிளம்பும். விடுமுறைக்கு 'விண்டர் வெகேஷன்' என்று பெயர். வேலூரை வெயிலூர் என்று சொல்கிறவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் மார்கழி விடியற்காலையில் ஆம்பூர்ப் பக்கம் வந்து பார்த்தால் தெரியும், ஏலகிரி ஒரு பக்கம், ஜவ்வாது ஒரு பக்கம், நடுவில் பனி இறங்கி எதிரே வருகிற லாரி தெரியாது. அந்தப் பனிக்குள்ளே ஷூ கம்பெனி பஸ்ஸுக்காகப் பெண்கள் டிபன் பாக்ஸோடு நிற்பார்கள். அவர்களுக்கு வெகேஷன் கிடையாது.

நான் சொல்ல வந்தது 2015-ஆம் வருஷத்து டிசம்பர். ஏழாவது செமஸ்டர். எங்கள் பேட்ச்காரர்கள் யாரும் அதை மறந்திருக்க மாட்டார்கள். அது முடியவே முடியாத செமஸ்டர். நவம்பரில் மழை பிடித்தது. அண்ணா பல்கலைக்கழகத் தேர்வு தேதி தள்ளிப் போனது, மறுபடியும் தள்ளிப் போனது. படித்ததெல்லாம் மறந்து, திரும்பப் படித்து, அதுவும் மறந்தது. டிசம்பர் 1-ஆம் தேதி சென்னையில் பேய்மழை, அடையாறு கரை உடைத்துக்கொண்ட செய்தியெல்லாம் டி.வி.யில் பார்த்தோம். ரயில் இல்லை. சென்னைப் பையன்களுக்கு வீட்டோடு போன் பேச முடியவில்லை. எங்கள் மெஸ்ஸில் ராத்திரி முழுக்கச் சப்பாத்தி போட்டு, பிரெட், போர்வையோடு ஒரு வேன் அனுப்பினோம். பரீட்சை எப்போது என்று யாருக்கும் தெரியாது.

ஆனால் நவம்பரிலேயே நம் பக்கத்தில் இன்னொரு விஷயம் நடந்திருந்தது. பாலாற்றில் தண்ணீர் வந்தது.

வெளியூர் மாணவர்களுக்கு இதில் என்ன விசேஷம் என்று தோன்றும். நம் வேலூரைப் பற்றி ஒரு கேலிப் பேச்சு உண்டு: ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு. இதில் சாமி 1981-இல் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டார். ஆறுதான் பாக்கி. மொத்தம் 348 கிலோமீட்டர் ஓடுகிற ஆறு, அதில் 222 கிலோமீட்டர் நம் மாநிலத்தில், ஆனால் வருஷக்கணக்கில் வெறும் மணல், முள்வேலிச் செடி, சில இடங்களில் மணலும் இல்லை. அந்த ஆற்றில் கரைக்குக் கரை செம்மண் தண்ணீர் ஓடியது. ஜனங்கள் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்திவிட்டுக் குடும்பத்தோடு வேடிக்கை பார்த்தார்கள். எங்கள் தாத்தா கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டார். 1903 நவம்பரில் இதே ஆறு வாணியம்பாடிக்குள் புகுந்து சுமார் 200 பேரைக் கொண்டுபோன கதையைத் தன் அப்பா சொல்லக் கேட்டவர் அவர். ஆனாலும் கும்பிட்டார்.

என் ஊர் ஆம்பூருக்குக் கிழக்கே, மாதனூர்ப் பக்கம். ஆற்றங்கரை. தாத்தாவுக்கு இரண்டு ஏக்கர், ஒரு கிணறு, தென்னை. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அந்தக் கிணற்றுத் தண்ணீரை யாரும் குடித்ததில்லை. பாத்திரத்தில் ஊற்றி வைத்தால் வெள்ளையாகப் படியும். தென்னை மட்டை காய்ந்து தொங்கும். "எல்லாம் தோல்ஷாப்பு உப்பு" என்பார்கள். வீட்டில் இது தினமும் கேட்கிற பேச்சு. 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் தீர்ப்பு சொன்னது. நீதிபதி குல்தீப் சிங் எழுதியது. தோல் தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம், சுத்திகரிப்பு நிலையம் இல்லாவிட்டால் மூடு, கெடுத்தவனே ஈடு கட்டவேண்டும் என்ற தீர்ப்பு. நம் பக்கத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ பாழாகிவிட்டது என்ற கணக்கும் அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. இன்று உலகத்தில் எங்கே சுற்றுச்சூழல் சட்டம் படித்தாலும் 'வேலூர்' என்ற பெயர் வரும். நமக்குப் பெருமையா வருத்தமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

எங்கள் தாத்தா அந்தத் தீர்ப்பின் தேதியைத் தன் பிள்ளைகள் பிறந்த தேதியைவிடச் சரியாகச் சொல்வார். அந்த வீட்டிலிருந்து சிவில் படிக்க வந்தவன், கடைசி வருஷப் பிராஜெக்டுக்கு என்ன எடுப்பான்? ஆற்றங்கரைக் கிணறுகளின் உப்பு அளவுதான். ஏழு கிணறு தேர்ந்தெடுத்தேன். மழைக்கு முன்னால் செப்டம்பரில் ஒரு தடவை, மழைக்குப் பிறகு டிசம்பரில் ஒரு தடவை அளப்பது என்று திட்டம். ஏப்ரலில் ரிப்போர்ட்.

என் ரூம்மேட் ஆம்பூர்ப் பையன். நாலு வருஷமும் ஒரே ரூம். மெக்கானிக்கல். அவன் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறான். அவன் அப்பா ஒரு தோல்ஷாப்பில் டிரம் பார்க்கிறவர், முப்பது வருஷமாக. தெருவில் எல்லோருக்கும் பாய், எனக்கும் பாய். செப்டம்பர் அளவு எடுக்கும்போது அவன்தான் என்னோடு வந்தான். டி.வி.எஸ். எக்ஸெல் அவனுடையது. நான் கயிற்றில் பாட்டிலைக் கட்டி இறக்குவேன், மீட்டரை வைப்பேன், எண்ணைச் சொல்வேன், அவன் நோட்டில் எழுதுவான். அவன் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். எழுதும்போது ஒன்றும் சொல்ல மாட்டான். குடிக்கிற தண்ணீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தரம். நாங்கள் எழுதிய எண்கள் ஏழும் அந்த 2,000-ஐத் தாண்டியே இருந்தன. ஏழாவது கிணறு தாத்தாவுடையது. அதுதான் மோசம். எனக்கு, உண்மையைச் சொன்னால், ஒரு சந்தோஷமாகக்கூட இருந்தது.

டிசம்பரில் பரீட்சை தள்ளிப்போன இடைவெளியில் அவன் என்னை ஆம்பூருக்கு வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். நாலு நாள். அவங்க அம்மா வைத்த கத்திரிக்காய் தால்ச்சாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பதினைந்து நிமிஷம் அதற்கே போதாது. இரண்டாம் நாள் பாய் என்னைத் தோல்ஷாப்புக்குள் கூட்டிப் போனார். ஆம்பூருக்குப் பத்து மைலில் பிறந்து வளர்ந்தவன், இருபத்தோரு வயதில்தான் முதல் முறையாக உள்ளே போகிறேன்.

உள்ளே நான் பார்த்ததைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தற்போதைய மாணவர்களில் பாதிப் பேர் தினமும் மூக்கைப் பிடித்துக்கொண்டு அந்த வழியாக பஸ்ஸில் போகிறீர்கள், உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. ஆடு, மாட்டுத் தோல் உரித்தவுடன் அழுகாமல் இருக்க உப்புப் போடுகிறார்கள். தோலின் எடையில் கிட்டத்தட்ட நாற்பது சதவீதம் உப்பு. அந்த உப்புத் தோல்தான் லாரியில் வந்து இறங்குகிறது. முதல் வேலை தண்ணீரில் ஊறவைப்பது. அங்கேயே அவ்வளவு உப்பும் தண்ணீருக்குள் போய்விடுகிறது. பிறகு சுண்ணாம்பு, மயிர் நீக்குவது, சதை சீவுவது, அமிலம், கடைசியில் பெரிய மர டிரம்மில் குரோமியச் சத்து ஏற்றுவது. அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டு வாரக்கணக்கில் செய்ததை குரோமியம் ஒரு நாளில் செய்துவிடுகிறது. போட்ட குரோமியத்தில் மூன்றில் ஒரு பங்கு தோலில் ஏறாமல் தண்ணீரிலேயே நின்றுவிடும். அதை மெக்னீசியம் ஆக்ஸைடு போட்டுப் படியவைத்துத் திரும்ப எடுத்து உபயோகிக்கலாம். அதற்கு வழி இருக்கிறது. உப்புக்குத்தான் வழி கஷ்டம். சுத்திகரிப்பு நிலையத்தில் கிருமி வளர்த்து அழுக்கைத் தின்ன வைக்கலாம், நாற்றம் போகும், நிறம் போகும். உப்பை எந்தக் கிருமியும் தின்னாது. ஆர்.ஓ. வைத்துப் பிரித்து, மிஞ்சுகிற கெட்டித் தண்ணீரைக் கொதிக்க வைத்து வற்ற வைக்க வேண்டும். கரண்டும் விறகும் காசு. கடைசியில் கையில் நிற்பது எதற்கும் உதவாத கலப்பு உப்பு, மூட்டை மூட்டையாக. பத்து வருஷமாக என் பிழைப்பே அந்த எவாப்பரேட்டரோடுதான் என்பதால் இதை அடித்துச் சொல்கிறேன்.

பாய் என்னை முதலில் நிறுத்திய இடம் டிரம் இல்லை. தோல் இறக்குகிற கொட்டகை. ஒரு ஆள் ஒரு மரச்சட்டத்தின் மேல் தோலைப் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தார். கீழே உப்பு கொட்டிக்கொண்டிருந்தது. "தம்பி, ஊறப்போடறதுக்கு முன்னாடி இப்படித் தட்டிட்டா அவ்வளவும் தண்ணிக்குள்ள போகாது. மெஷின் வேணாம், கரண்டு வேணாம். ஆனா ஆள் கூலி. அவசர ஆர்டர்னா தட்டாம உள்ள தள்ளிடுவாங்க" என்றார். நாலு வருஷம் படித்த சுற்றுச்சூழல் பாடத்தில் இந்த மரச்சட்டம் எங்கேயும் வரவில்லை.

அப்புறம் என் பையிலிருந்த மீட்டரைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதுல உப்பு எவ்வளவுன்னு தெரியும். இந்த டிரம் நின்னா இந்தத் தெருவுல எத்தனை அடுப்பு எரியாதுன்னு தெரியுமா?" கோபமாகக் கேட்கவில்லை. எனக்குப் பதில் வரவில்லை. அதே வருஷம் ஜனவரி 31-ஆம் தேதி விடியற்காலை ராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் உடைந்து, பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் அந்தக் கசடிலேயே மூழ்கிச் செத்துப்போனார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். நாங்கள் அப்போது ஆறாவது செமஸ்டர், தொட்டிச் சுவர் டிசைன் படிக்கிற நேரம். பாய் அதைப் பற்றியும் பேசினார். "தண்ணி கெட்டா உங்க தாத்தாவுக்கு நஷ்டம். கெட்ட தண்ணியச் சுத்தம் பண்ற இடத்துல சாகறது யாருன்னும் உன் ரிப்போர்ட்ல எழுது" என்றார்.

அடுத்த நாள் நானும் ரூம்மேட்டும் ஏழு கிணற்றையும் திரும்ப அளந்தோம். ஆற்றில் இன்னும் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கிணறுகள் பாதிக்கு மேல் நிறைந்திருந்தன. கயிறு வேண்டியிருக்கவில்லை, சில இடத்தில் குனிந்தே மொண்டேன். மீட்டரை வைத்தேன். உப்பு இறங்கியிருந்தது. ஏழிலும் இறங்கியிருந்தது. தாத்தா கிணற்றில் செப்டம்பர் அளவில் பாதிகூட இல்லை. மூன்று கிணறுகள் அந்த 2,000-க்குக் கீழேயே வந்துவிட்டன. தாத்தா ஒரு சொம்பு மொண்டு குடித்துப் பார்த்து, "எங்கப்பா காலத்துத் தண்ணி" என்றார்.

ரூம்மேட் எண்ணை எழுதிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான். அன்றைக்கும் ஒன்றும் சொல்லவில்லை.

நண்பர்களே, ஏப்ரலில் நான் கொடுத்த ரிப்போர்ட்டில் அந்த டிசம்பர் அளவுகள் இல்லை. 'தொடர் மழை காரணமாக இரண்டாம் கட்ட அளவீடு மேற்கொள்ள இயலவில்லை' என்று ஒரு வரி எழுதினேன். பொய். என்ன நினைத்து எழுதினேன் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். வைவாவில் வெளியிலிருந்து வருகிறவர், "அதான் ஒரு மழை பெஞ்சா சரியாப் போயிடுதே, அப்புறம் தோல்ஷாப்பை ஏன் குறை சொல்றே?" என்று கேட்டால் என்ன செய்வது என்று பயம். அதைவிட, தாத்தாவுக்குத் துரோகம் செய்கிற மாதிரி ஒரு எண்ணம். இருபது வருஷமாக அவர் சொன்ன நியாயத்தை ஒரு வாரத்து வெள்ளம் பலவீனமாக்கிவிடுமோ என்று நினைத்தேன். எனக்கு நல்ல மார்க் வந்தது. ரிப்போர்ட்டைக் கறுப்பு ரெக்ஸின் அட்டை போட்டு நூலகத்தில் வைத்தார்கள்.

பைண்டிங் ஆகி வந்த அன்று ரூம்மேட் அதைப் புரட்டிப் பார்த்தான். "மழைக்கப்புறம் எடுத்தது எங்கடா?" என்றான். ஏதோ சமாளித்தேன். "உப்பு ஏறினதை நான்தானே எழுதினேன், ஏதாவது சொன்னேனா? இறங்கினதையும் நான்தானே எழுதினேன்" என்றான். அவ்வளவுதான். அதற்குப் பிறகும் இரண்டு மாதம் ஒரே ரூமில்தான் இருந்தோம். சோப்பு, ஷேவிங் கிரீம் எல்லாம் பழையபடி பொதுதான். ஆனால் பேச்சு இல்லை. கடைசி நாள் அவன் பெட்டியை எடுத்துக்கொண்டு போனபோது நான் டீக்கடையில் இருந்தேன், வேண்டுமென்றேதான்.

இதை ஏன் இப்போது, இத்தனை பேர் நடுவில் சொல்கிறேன்? காரணம் இருக்கிறது. 2025 ஜனவரி 30-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் மறுபடியும் நம் பாலாற்றுப் பாசனப் பகுதியைப் பற்றித் தீர்ப்புக் கொடுத்தது. நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன். பாதிக்கப்பட்டவர்களுக்கு விடுபட்ட இழப்பீட்டைக் கொடுக்கச் சொன்னதோடு, நிலத்தையும் தண்ணீரையும் கண்காணிக்கக் குழு போடவும் உத்தரவிட்டது. அதற்குச் சில மாதங்கள் கழித்து நம் கல்லூரியின் கடைசி வருஷ மாணவி ஒருவர் எனக்கு எழுதினார். நூலகத்தில் என் ரிப்போர்ட்டைப் பார்த்தாராம். அதே ஏழு கிணறுகளைத் தேடிக் கண்டுபிடித்து அளக்கிறாராம். "சார், உங்க 2015 அளவுதான் எங்களுக்கு ஆரம்பப் புள்ளி. மழைக்கு அப்புறம் உள்ள அளவு இருந்திருந்தா ரொம்ப நல்லா இருந்திருக்கும், பாவம் உங்களுக்கு மழையில எடுக்க முடியாமப் போச்சு" என்று எழுதியிருந்தார்.

'பாவம்' என்ற வார்த்தையைப் படித்துவிட்டு அன்று நான் பிளாண்டுக்குப் போகவில்லை.

அந்த டிசம்பர் எண்கள் தாத்தாவுக்கு எதிரானவையே அல்ல. இது இப்போது ஒரு முதல் வருஷ மாணவனுக்குக்கூடத் தெரியும். 2016 கோடையில் தாத்தா கிணறு பழையபடி கரித்தது. மண்ணுக்குள் இறங்கிய உப்பு எங்கேயும் போய்விடவில்லை. வெள்ளம் வந்தால் நீர்த்துப் போகிறது, வற்றினால் திரும்ப வருகிறது. அதை நான் வாயால்தான் சொல்ல முடிகிறது, அளவு கிடையாது. டிசம்பரை மறைத்த பிறகு ஜூனில் எதற்கு அளக்கப் போகிறேன்? மூன்று அளவும் இருந்திருந்தால், இங்கே உப்பு ஒரு பாதி, ஆறு வற்றியது இன்னொரு பாதி என்று அந்த ஏழு கிணறுகளே சொல்லியிருக்கும். மேலே தடுத்தது, மணலை அள்ளியது எல்லாம் அந்தக் கணக்குக்குள் வந்திருக்கும். பாய் சொன்ன மரச்சட்டமும் வந்திருக்கும். 2021 நவம்பரில் இதைவிடப் பெரிய வெள்ளம் வந்தது. அந்த வெள்ளத்துக்குப் பிறகு என்ன ஆனது என்று ஒப்பிட்டுப் பார்க்கக்கூட நூலகத்தில் ஒன்றும் இல்லை. அந்த ஒரு வரியால் இவ்வளவு போயிற்று.

தாத்தா 2018-இல் காலமானார். அவரிடம் இதைச் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் அடித்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன்.

மாணவிக்கு உண்மையைப் பதில் எழுதினேன். நோட்டு கேட்டார். நோட்டு என்னிடம் இல்லை. எழுதினவன் கையில்தான் இருந்தது. ஒன்பது வருஷம் கழித்து ரூம்மேட்டுக்குப் போன் செய்தேன். ராணிப்பேட்டையில் ஒரு மெஷினரி ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். நான் பேர் சொல்லும் முன்பே, "நோட்டா?" என்றான். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "வேற எதுக்கு நீ பண்ணப் போறே" என்றான். பாய் வேலையை விட்டுவிட்டார், கண் சரியில்லை, உன்னைக் கேட்டார் என்றும் சொன்னான்.

இன்று காலை வந்திருக்கிறான். மூன்றாவது வரிசையில், தூணுக்குப் பின்னால், என்னைப் பார்க்காத மாதிரி உட்கார்ந்திருக்கிறான். நோட்டைக் கொண்டு வந்திருக்கிறான். நாற்பது பக்க நோட்டு, அட்டையில் பழைய மெஸ் கணக்கு, உள்ளே செப்டம்பர் ஒரு பக்கம், டிசம்பர் ஒரு பக்கம். முதல்வர் அவர்களிடம் நேற்றே பேசிவிட்டேன். அந்த ரிப்போர்ட்டோடு சேர்த்து இதையும், நான் கையெழுத்திட்ட ஒரு பக்கத் திருத்தத்தையும் நூலகத்தில் வைக்க ஒத்துக்கொண்டார்கள். மதிப்பெண்ணைக் குறைத்தாலும் சரிதான் என்றேன். அதற்கு விதி இல்லையாம்.

அந்த மாணவியும் அவர் கூட்டாளிகளும் நாளை முதல் விடுமுறையில் ஏழு கிணற்றையும் அளக்கப் போகிறார்கள். ஐந்தாவது கிணற்றுக்கு வழி மாறிவிட்டது, பழைய ஒற்றையடிப் பாதை இப்போது பிளாட் போட்டுவிட்டார்கள், சுற்றிக்கொண்டு போகவேண்டும். அவன் வண்டியில் முன்னால் போய்க் காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறான். நானும் வருகிறேன் என்றேன். "கயிறு எடுத்துட்டு வா" என்றான்.

எனக்குக் கொடுத்த பதினைந்து நிமிஷம் எப்போதோ முடிந்துவிட்டது. செயலாளர் மணியைப் பார்க்கிறார். மெஸ்ஸில் பிரியாணி இறக்கிவிட்டார்கள் என்று வாசனை சொல்கிறது. வணக்கம்.